ஐப்பசி மழையும் காயாத ஸ்கிரீனும்

மஞ்சப்பையில் நானே அச்சடிக்க வேண்டும் என்று ஆனி மாதம் தொடங்கிய வேலை, கார்த்திகை பிறந்த பிறகுதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. 2019இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் விசேஷ வீடுகளில் துணிப்பை திரும்ப வந்துவிட்டது. அதில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் பெயர் போட்டுக் கொடுக்க ஆசை. மரப் பிரேமில் இழுத்துக் கட்டிய மெஷ் என்ற வலைத்துணிதான் ஸ்கிரீன்; எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் அதன் வழியாக மை பையில் இறங்கும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறைதான் பட்டறை.

முதலில் பிரேம். தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது ஜன்னல் சட்டங்களை விலைக்கு வாங்கிக்கொண்டேன். அத்தனையும் பழகிய தேக்கு. புது மரம் மழைக்கு முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பிரேம் மேசையில் ஒரு மூலை தூக்கி நிற்கும், அச்சு ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். உள்ளளவு 16க்கு 20 அங்குலம். மூலையில் இரண்டு கட்டையையும் பாதிப் பாதி செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்று உட்காரவைத்து, பசையும் திருகும் போட்டேன்.

மெஷ் வாங்க கோவில்பட்டி, சாத்தூர் வழியாகச் சிவகாசி போய் வந்தேன். துணிக்கு 43டி, அதாவது சென்டிமீட்டருக்கு 43 இழை, அங்குலத்துக்குச் சுமார் 110. கல்யாணப் பத்திரிகைக்கு இன்னும் நெருக்கமான மெஷ் வேண்டும். பைத்துணி மையை நிறையக் குடிக்கும், அதற்கு இதுதான் சரி.

ஸ்டேப்ளர் அடித்து இழுத்த முதல் பிரேமை வீரவநல்லூரில் தறி நெய்யும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். விரலால் நடுவில் ஒரு தட்டு தட்டிவிட்டு, “பாவு இப்படித் தொய்ஞ்சு கிடந்தா துணி வருமாடே? எல்லாப் பக்கமும் ஒரே இழுவையா இருக்கணும்லா” என்றார். அதன் பிறகு முறையை மாற்றினேன். பிரேமின் நான்கு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் வெட்டி, மெஷ்ஷை அதன்மேல் விரித்து, பருத்திக் கயிற்றைக் கட்டையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கினேன். கயிறு இறங்க இறங்க மெஷ் தானே இறுகியது. தட்டினால் இப்போது மேளத்தோல்போல ஒலிக்கிறது. அந்தப் பெரியவரின் ஒரு வாக்கியம் எனக்குப் பல நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

மெஷ்ஷில் பூசும் எமல்ஷன் என்ற பூச்சு வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகும், படாத இடத்தில் தண்ணீரில் கரையும். அதற்கான வெளிச்சப் பெட்டி சுலபம். 50 வாட் யூ.வி. எல்.இ.டி. விளக்கு ஒன்று, இரண்டடி உயரத்தில். கீழே கறுப்புத் துணி போர்த்திய ஸ்பாஞ்ச், அதன்மேல் எமல்ஷன் பூசிய ஸ்கிரீன், எழுத்தைக் கறுப்பாக அச்சிட்ட பிலிம், எல்லாவற்றையும் அழுத்தும் ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி. பிலிமின் மைப்பக்கம் எமல்ஷனைத் தொட வேண்டும்; நடுவில் இடைவெளி விட்டால் வெளிச்சம் ஓரத்தில் கசிந்து எழுத்து மெலிந்துவிடும். எமல்ஷனை வெளிச்சத்தில் இறுகவைக்கும் மருந்து டயசோ வகை. இன்னொரு வகையான பைக்ரோமேட் மலிவுதான், ஆனால் அதில் உள்ள குரோமியம் தோலுக்கும் தண்ணீருக்கும் கேடு. எங்கள் சாக்கடை எப்படியும் தாமிரபரணியில்தான் போய்ச் சேரும். பைக்ரோமேட்டைத் தொடவே கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன்.

ஆனி, ஆடிக் காற்றில் செய்த ஸ்கிரீன்கள் எல்லாம் நன்றாக வந்தன. ஐப்பசி பிறந்ததும் சிக்கல் வந்தது. தண்ணீர் காட்டினால் எழுத்து மட்டும் கரைய வேண்டும். எனக்குச் சுற்றியுள்ள எமல்ஷனும் வழவழவென்று உருகி ஓடியது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து நேரத்தைக் கூட்டினேன். விளக்கை இறக்கினேன். கண்ணாடியை மாற்றினேன். மூன்று வாரம் இப்படிப் போனது.

அப்புறம்தான் ஒரு சோதனை செய்தேன். கறுப்பு அட்டையை நிமிடத்துக்கு ஒரு பட்டையாக நகர்த்தி, ஒரே ஸ்கிரீனில் ஒன்று முதல் எட்டு நிமிடம் வரை வெளிச்சம் காட்டினேன். எட்டு நிமிடப் பட்டையும் கரைந்தது. வெளிச்சம்தான் குறை என்றால், ஏதாவது ஒரு பட்டையிலாவது எமல்ஷன் பிடித்திருக்க வேண்டும். அப்படியானால் கோளாறு வெளிச்சத்துக்கு முன்பே இருக்கிறது. ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி அறையில் வைத்தேன். 82 சதவீதம் காட்டியது. தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருந்தாலும் எமல்ஷனுக்குள் ஈரம் தங்கியிருக்கிறது. ஈரம் இருக்கும்வரை வெளிச்சத்தால் அது சரியாக இறுகாது.

காயவைக்கும் பெட்டி செய்தது அதற்காகத்தான். பிளைவுட் பெட்டி, அடியில் 60 வாட் குண்டு பல்பு, வெளிச்சம் மேலே ஏறாதபடி அதன்மேல் தகரத் தடுப்பு. மேலே கணினி விசிறி ஒன்று காற்றை வெளியே இழுக்கும். கீழே காற்று நுழையும் துளையில் தூசிக்காகப் பழைய வேட்டித்துணி. ஸ்கிரீனை, துணியைத் தொடும் அச்சுப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைக்கிறேன். வெளியே 28 டிகிரி இருக்கும்போது உள்ளே 38. அந்தப் பத்து டிகிரியிலேயே ஈரப்பதம் 48க்கு இறங்கிவிடுகிறது. 40 டிகிரியைத் தாண்டவிடுவதில்லை, சூடு மிஞ்சினால் எமல்ஷன் வெளிச்சம் படாமலேயே கெட்டிப்பட்டுவிடும். இரண்டு மணி நேரம் காயவைத்துவிட்டு அதே பட்டைச் சோதனையை மறுபடி செய்தேன். மூன்றாவது நிமிடப் பட்டை கல்லாக நின்றது. விளக்கு பழைய உயரத்திலேயே இருந்தது. வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் இந்தப் பெட்டியைத்தான் செய்திருக்க வேண்டும்.

மேசையில் ஸ்கிரீனுக்கும் துணிக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி கடந்ததும் மெஷ் தானே எழும்பினால்தான் ஓரம் கூர்மையாக விழும். போன ஞாயிறு அத்தை வீட்டு வளைகாப்புக்கு நாற்பது பை அடித்தேன். மை காய்ந்ததும் மேலே துணி போட்டு இஸ்திரி தேய்த்தேன். ஒரு பையை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து முறை துவைத்துப் பார்த்தாயிற்று, எழுத்து அப்படியே இருக்கிறது. ஸ்கிரீனை மேசையோடு இணைக்கும் கீலில் மட்டும் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது. ஒற்றை நிறத்துக்குத் தெரியவில்லை; இரண்டாவது நிறம் அடிப்பதற்கு முன் அதை மாற்ற வேண்டும்.