மேடையிலிருந்து திரைக்கு: எதை விடலாம், எதை விடக்கூடாது

சர்ச்சைக்குரிய நாடகம் ஒன்றைப் படமாக்கத் தொடங்கியதும் எந்த வசனம் போக வேண்டும், எந்தக் காட்சி கூடாது என்று தணிக்கையிடமிருந்து ஒரு பட்டியல் வந்து சேரும். அதைக் கையில் எடுக்குமுன் நாடகப் பிரதியில் எந்தச் செயல் எதனால் நடக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வார்த்தை போனால் நடிகர் ஈடுகட்டிவிடுவார். காரணம் போனால் பின்னால் வரும் காட்சி அந்தரத்தில் நிற்கும். வார்னர் பிரதர்ஸ் 1951-இல் வெளியிட்ட 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' படத்தில் இந்த இரண்டும் நடந்திருக்கின்றன.

டென்னசி வில்லியம்ஸின் நாடகம் 1947 டிசம்பரில் பிராட்வேக்கு வந்து 855 முறை நடந்தது. மேடையில் இயக்கிய எலியா கசானே படத்தையும் இயக்கினார். ஜோசப் பிரீன் தலைமையிலிருந்த ஹாலிவுட் தணிக்கை அலுவலகம் முக்கியமாக இரண்டு இடங்களில் பிடித்துக்கொண்டது. ஒன்று, நாயகி பிளான்ச்சின் இளம் கணவன் தன்பாலின ஈர்ப்புடையவன் என்பது. மற்றது, அவளுடைய தங்கை ஸ்டெல்லாவின் கணவன் ஸ்டான்லி அவளை வன்புணர்வது.

முதலாவதை விட்டுக்கொடுத்தார்கள். நாடகத்தில், ஆளில்லை என்று நினைத்து அவள் நுழையும் அறையில் கணவனும் வயதில் மூத்த ஓர் ஆணும் இருக்கிறார்கள். பிறகு நடனத்தின் நடுவே, தான் பார்த்ததையும் தன் அருவருப்பையும் அவனிடம் சொல்லிவிடுகிறாள். அவன் வெளியே ஓடித் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். படத்தில் அவன் இரவில் அழுகிறவன், அவ்வளவுதான். பலவீனன் என்று அவள் இகழ்கிறாள். பிளான்ச்சாக நடித்த விவியன் லீ அந்த வசனத்தை அற்புதமாகப் பேசுகிறார். ஆனாலும் ஒரு சாவும் வாழ்நாள் குற்றவுணர்வும் அந்த ஒரு சொல்லில் தொங்குவதை எந்த நடிப்பாலும் தாங்க முடியாது.

இரண்டாவதில் வில்லியம்ஸும் கசானும் அசையவில்லை. அது இல்லாவிட்டால் பிளான்ச்சின் மனம் உடைவதற்கே காரணமில்லை. எடுத்த விதத்தில் எதையும் காட்டவில்லை: கண்ணாடி உடைகிறது, அடுத்த ஷாட்டில் குழாய்த் தண்ணீர் பீய்ச்சித் தெருவைக் கழுவுகிறார்கள். நடந்தது என்ன என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. இதற்கு ஈடாகத் தணிக்கையினர் கேட்டது, ஸ்டான்லிக்குத் தண்டனை.

வெளிப்புறக் காட்சிகளைக் கூட்டும் ஆசை இத்தகைய வேலையில் எப்போதும் எழும். தங்கை வீட்டில் நடக்கும் கதையை, பிளான்ச்சின் சொந்த ஊரிலிருந்தே தொடங்கிப் பார்த்தார் கசான். புழுக்கம் கலைந்துபோகிறது என்று கண்டதும் விட்டுவிட்டார். ரயில் நிலையம், பௌலிங் கூடம் போன்ற சிலவற்றோடு நிறுத்திக்கொண்டு, வீட்டு செட்டின் சுவர்களை நகர்த்தக்கூடியவையாகச் செய்யவைத்தார். படம் நகர நகர அறை சுருங்குகிறது. வசனத்தில் சொல்லத் தடையானதைச் சுவர் சொல்கிறது. ஆட்சேபணைப் பட்டியலில் சுவருக்கு இடமில்லை என்பதை இத்துறையில் இருப்பவர்கள் மறக்கக்கூடாது.

பிரீன் ஒப்புக்கொண்ட பிறகும் கத்தோலிக்க லீஜன் ஆஃப் டீசன்சி அமைப்பு, படத்தை, கத்தோலிக்கர் பார்க்கக்கூடாதவை என்னும் கண்டனப் பட்டியலில் சேர்ப்போம் என்றது. ஸ்டுடியோ பணிந்தது. கசானின் ஒப்புதலின்றி 12 இடங்களில், சுமார் 4 நிமிடம் வெட்டுப்பட்டது. முத்தம் பற்றிய ஒரு வசனத்தில் 'உதட்டில்' என்ற சொல் போனது. அது சிறிய நஷ்டம். சூதாட்ட இரவில் ஸ்டான்லி கீழே நின்று கத்த, அடிபட்ட ஸ்டெல்லா மாடியிலிருந்து படியிறங்கி வரும் காட்சியில், ஸ்டெல்லாவாக நடித்த கிம் ஹண்டரின் அண்மை ஷாட்கள் போனதும், இசையமைப்பாளர் அலெக்ஸ் நார்த்தின் ஜாஸ் இசை மாற்றப்பட்டதும் பெரிய நஷ்டம். அவள் ஏன் அவனிடம் திரும்புகிறாள் என்பது வேறெங்கும் சொல்லப்படவில்லை, அந்த முகத்தில்தான் இருந்தது.

நாடகத்தின் முடிவில் ஸ்டெல்லா கணவனின் அணைப்பில் அழுகிறாள். படத்தில், கேட்ட தண்டனைக்காக, இனித் திரும்புவதில்லை என்று குழந்தையோடு அதே படியேறி மாடிக்குப் போகிறாள், ஸ்டான்லி மறுபடியும் கத்துகிறான். வெட்டிய பகுதிகள் 1993-இல் சேர்க்கப்பட்டன. அந்தப் பிரதியைப் பார்க்கிறவர்களுக்குத்தான், இந்த முறையும் இவள் இறங்கி வந்துவிடுவாளோ என்ற சந்தேகம் முழு வலுவோடு எழும்.