மவுசாகலைக்கு மேலே

"இதுல நம்ம பழைய டவுன் தெரியுமாப்பா?"

போனில் மொரிட்டானியாவின் 'சஹாராவின் கண்'ணைக் காட்டியபோது அப்பாயி கேட்டது. 40 கிலோமீட்டர் அளவு அகலம், வளையத்துக்குள் வளையம். விண்கல் விழுந்த பள்ளம் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். உண்மையில் மேலெழும்பிய பாறை அரித்து அரித்து அப்படி ஆனது. அப்பாயி அசரவில்லை. "தோசைக்கல்லு மாதிரி இருக்கு."

சரி என்று இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் மஸ்கெலியாவுக்கு நகர்த்தினேன்.

கூகுள் எர்த்தில் பழைய தேதிகளுக்கும் போகலாம். மவுசாகலை நீர்த்தேக்கம் ஒரு படத்தில் தேயிலை வரை நிறைந்திருக்கிறது, இன்னொன்றில் கரையைச் சுற்றிச் செம்மண் பட்டை. கடும் வறட்சியில் பழைய கோயில் வெளியே வருவது அங்கேதான். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம், படம்தான் கலங்கியது.

பழைய ஊர் நீருக்குள் போனது 1960களின் இறுதியில். பூமியைப் படமெடுக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களில் முதலாவது ஏவப்பட்டதோ 1972இல்.

சஹாரா பாறையை 1965இலேயே ஜெமினி விண்வெளி வீரர்கள் படமெடுத்துவிட்டார்கள். கடைத்தெரு இருந்த எங்கள் ஊருக்கு அப்பாயியின் விரல்தான் வரைபடம்.

அது தொட்ட இடத்திலெல்லாம் பின் குத்தி வைத்திருக்கிறேன். பழைய டவுனைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தபால் கந்தோர் எந்தப் பக்கம் என்பதில் அப்பாயிக்கும் அதன் தம்பிக்கும் இன்னும் சண்டை.