38 பிள்ளைகளும் ஒரு திகதி முத்திரையும்

1602இல் ஒல்லாந்துக் கடலோடி ஸ்பில்பேர்கன் வந்திறங்கியதும், 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் பிடித்ததும் எங்கள் மட்டக்களப்பில்தான். ஆனால் நான் வரலாறு கற்பிக்கும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலையில், தரம் 10 பிள்ளைகளில் பாதிப்பேர் புளியந்தீவுக் கோட்டை வாசலைத் தாண்டியதில்லை. கரும்பலகையில் கோட்டை கீறிக் காட்டியே காலம் போய்க்கொண்டிருந்தது. உள்ளூர் வரலாற்றுச் சங்கம் ஒன்று பாடசாலைகளுக்கு இலவசமாக அரைநாள் களப்பயணம் நடத்துகிறது என்று அறிந்ததும் அன்றே அவர்களுடன் பேசினேன்.

சங்கத்தாரால் ஒரு சிரமமும் இல்லை. நாளும் தந்தார்கள், கோட்டைக்குள் போகும் அனுமதியையும் தாங்களே எடுத்தார்கள். அதிபரின் கடிதமும் பெற்றோரின் சம்மதக் கடிதங்களும் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டன. இழுபட்டதெல்லாம் பிள்ளைகளை வெளியே கூட்டிச்செல்ல மேலிடத்தில் வாங்க வேண்டிய ஒப்புதலில்தான்.

முதல்முறை போன அன்று அந்த விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் லீவு. பக்கத்து மேசையில் இருந்தவர் கடிதத்தைக் கையால் தொடவும் இல்லை. வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு படகுத் துறையில் காத்துக் கிடக்கும் வேலை இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் அரைநாள் லீவு போட்டு வந்து வெறுங்கையோடு திரும்புவது வயிற்றெரிச்சலாக இருந்தது. போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகம் திறந்திருக்கிறதா என்று கேட்காமல், இன்ன விடயத்தைப் பார்ப்பவர் இன்று வந்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

இரண்டாம் முறை கடிதத்தை எடுத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, பஸ்ஸின் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்று, சாரதியின் அனுமதிப்பத்திரம் மூன்றின் பிரதிகளும் வேண்டுமாம். முதலில் போன அன்றே இதைச் சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிச்சம். பஸ் உரிமையாளரைக் கெஞ்சி வாங்கி, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று என்ன தோன்றியதோ, முழுக்கட்டையும் இன்னொரு பிரதி எடுத்து அதிலும் திகதி முத்திரை குத்தித் தரச் சொன்னேன். கடிதப் பதிவேட்டு இலக்கத்தையும் எழுதி வாங்கினேன். "இதெல்லாம் தேவையில்லை டீச்சர்" என்றார் இலிகிதர். தேவை என்று நின்றேன்.

பயணத்துக்கு நான்கு நாள் இருக்க, ஒப்புதலை எடுக்கப் போனால், "அப்படி ஒரு கடிதம் இங்கே வரவில்லையே!" 38 பிள்ளைகள் சப்பாத்துக் கழுவிக் காயவைத்துக் காத்திருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பையிலிருந்த பிரதியை எடுத்து, முத்திரையையும் இலக்கத்தையும் விரலால் காட்டினேன். பத்து நிமிடத்தில் வேறொரு கோவைக்குள்ளிருந்து கடிதம் வந்தது. அன்று பின்னேரமே கையொப்பமும் விழுந்தது. யார் என்ன சொன்னாலும் அந்த முத்திரையை வாங்காமல் படியிறங்காதீர்கள்.

களப்பயணம் நன்றாக நடந்தது. இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி என்று புத்தகத்தில் படித்ததைக் கொத்தளத்தில் ஏறி நின்று தாங்களே பார்த்தார்கள். வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள் கொண்டுவரும்படி சங்கத்தார் முன்பே கேட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை அம்மப்பாவின் நெல் அளக்கும் மரைக்காலைச் சீலையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். இரும்புப் பட்டி அடித்த மரம், வாய் விளிம்பு கை பட்டுப் பட்டு வழுவழுத்திருந்தது. விளக்கம் சொல்ல வந்தவர் பீரங்கிப் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, அதை வாங்கிப் பார்த்து, களத்தில் நெல் எப்படி அளப்பார்கள் என்று அவளிடமே கேட்டார். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. பொலி தூற்றியதிலிருந்து மூட்டை கட்டியது வரை கால்மணி நேரம் நின்று சொன்னாள். மற்றப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

பொருள் கொண்டுவரச் சொல்லும்போது பெயரெழுதிய துண்டும் ஒட்டிவிடச் சொல்லுங்கள். இரண்டு வெற்றிலைத் தட்டங்கள் பஸ்ஸில் மாறிப்போய், உரிய வீடு சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த தவணையில் 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட முதியவர்களிடம் பிள்ளைகளே பேசிப் பதிவு செய்யச் சங்கத்தார் பயிற்சி தரப்போகிறார்கள். கடிதத்தை நேற்றே கொடுத்துவிட்டேன். என் பிரதியில் முத்திரை இருக்கிறது.