முள் இறங்கியது, சூடு இறங்கவில்லை

டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டபோதே வண்டியை ஓரங்கட்டியிருக்க வேண்டும். பழைய கார்தானே, கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும் என்று ஓட்டினேன். சற்று நேரத்தில் முள் தானாகவே கீழே வந்தது. அப்பாடா என்றிருந்தது. உண்மையில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் முழுக்க வெளியேறி, சென்சார் வெறும் ஆவியில் நின்றிருக்கிறது. சூட்டைச் சொல்ல அதைச் சுற்றித் திரவமே இல்லை. பானெட் இடுக்கில் புகை வந்து, வண்டி இழுக்க மறுத்த பிறகுதான் நிறுத்தினேன்.

ரேடியேட்டர் மூடியை அப்போதே திறக்காதது ஒன்றுதான் அன்று செய்த உருப்படியான காரியம். நன்றாக ஆறிய பிறகு பார்த்தால், மேல் ஹோஸ் கிளிப் ஓரத்தில் கிழிந்திருந்தது. புது ஹோஸ் போட்டு நீர் நிரப்பி ஸ்டார்ட் செய்தோம். ஓடியது, ஆனால் உதறல்.

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல ஏதோ ஒட்டியிருந்ததைக் காட்டி, "ஹெட்டை இறக்கிடலாம் சார்" என்றார் மெக்கானிக். சிலிண்டர்களின் மேல் மூடிதான் ஹெட்; அதற்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போய், நீர் ஆயிலில் கலந்துவிட்டது என்பது அவர் கணக்கு. எனக்கு அந்த ஒரு அடையாளம் போதவில்லை. கிட்டக் கிட்ட மட்டுமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி வரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாகத்தான் இருந்தது. ரேடியேட்டரில் குமிழி வந்தது. சரி, நீர் நிரப்பும்போது சிக்கிய காற்றாகவும் இருக்கலாமே! சோதித்துவிட்டு முடிவு செய்வோம் என்றேன்.

ரேடியேட்டர் வாயில் வைத்து, எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவம் ஒன்று உண்டு. இரண்டு நிமிடத்தில் மஞ்சளானது. அப்புறம் ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தம், பார்த்தோம். முதலாவதும் நான்காவதும் 160 பிஎஸ்ஐயை ஒட்டி. நடுவில் இருக்கும் இரண்டும் 70கூடத் தொடவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால், இடையில் கேஸ்கெட் போயிருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். அந்த இரண்டிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். ஏறவில்லை. ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்ததாக அர்த்தம்; அது வேறு கதை, வேறு செலவு. ஏறாததற்காக அன்று சந்தோஷப்பட்டேன்.

இப்போது ஹெட்டை இறக்கச் சம்மதித்தேன். இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே கேஸ்கெட் எரிந்து கறுத்திருந்தது. அலுமினிய ஹெட்டின் மேல் நேர்பட்டை வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைச் செருகினால் 0.15 மி.மீ. தாராளமாகப் போனது, மேனுவலில் சொன்ன வரம்பு 0.05. சூட்டில் ஹெட் வளைந்திருக்கிறது. விரிசல் இல்லை என்று சோதித்த பிறகே பட்டறையில் அதன் முகத்தைச் சீவிச் சமமாக்கினார்கள். கேஸ்கெட், ஹெட் போல்ட், தெர்மோஸ்டாட், ஆயில் எல்லாம் புதிது.

உதறல் போய்விட்டது, நான்கு சிலிண்டரும் ஒரே அளவு காட்டுகின்றன. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கணம் நீலப் புகை. வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் சூட்டில் இறுகியிருக்கும் என்கிறார் மெக்கானிக். ஹெட் மேஜையில் கிடந்தபோதே மாற்றியிருக்கலாம். இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.