ரப்பரும் பட்டன் பேட்டரியும்

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்துகிறது, திரை மட்டும் இருட்டு. கடையில் "மதர்போர்டு போச்சு, 4,000 ஆகும்" என்றார்களாம்.

எனக்கு நம்பிக்கை இல்லை. கடலோர வீடு. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது, ராம் (கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும் நினைவகப் பலகை) எம்மாத்திரம்? கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினேன். ராமின் ஓரத்துக் கொக்கிகளை விலக்கியதும் அது மேலே எழும்பி வந்தது. அடியில் இருக்கும் தங்க நிறப் பட்டைகள் மங்கிக் கிடந்தன. பேத்தியின் பென்சில் டப்பாவிலிருந்து வெள்ளை ரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தேன். (இங்க் அழிக்கிற சொரசொர ரப்பர் வேண்டாம், பட்டையையே சுரண்டிவிடும்.) துகளைத் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்தினேன். படம் வந்துவிட்டது!

ஆனால் தேதி 2012 என்று காட்டியது. அதனால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. கரண்ட் இல்லாதபோதும் உள்ளே கடிகாரத்தை ஓடவைக்கும் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சரி, அதற்கு மருந்து சிஆர் 2032 என்கிற புது 3 வோல்ட் பட்டன் பேட்டரிதான். தெருமுனை வாட்ச் கடையிலேயே கிடைத்தது.

அப்புறம் மாமாவுக்குக் கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ் என்கிற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். "நிஜமாவே இலவசமாடா? பின்னாடி காசு கேக்க மாட்டானே?" என்று மூன்று தடவை கேட்டார்.

எனக்குக் கூலி, வஞ்சிரம் வறுவல் இரண்டு துண்டு. மூன்றாவது கேட்டிருக்கலாம்.