சங்கத் திடல்

1979-இல் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். சங்கம் என்றால் மாதாமாதம் சந்தா கேட்டு வருகிறவர்கள் என்ற அளவில்தான் அப்போது எனக்குத் தெரியும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஃபிட்டர் அண்ணன் 1974 வேலைநிறுத்தத்தில் வேலையை இழந்தவர். 1977-இல் ஜனதா ஆட்சி வந்த பிறகு திரும்ப எடுத்தார்கள்.

செப்டம்பர் 5 வந்ததும் என்னைச் சங்கத் திடலுக்கு அழைத்துப் போனார். 1946-இல் அதே நாளில் அங்கே மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். கதை அதற்கும் முன்னால், 1928-இலேயே தொடங்கிவிட்டது. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றாக்கியபோது ஆட்குறைப்பும் சேர்ந்தே வந்தது. அதுவரை பணிமனை இருந்த நாகப்பட்டினத்துத் தொழிலாளர்களும் கொதித்தெழுந்தார்கள். வேலைநிறுத்தம் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒடுக்கப்பட்டது, தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். நான் தினமும் கார்டு போட்டு நுழைந்த வாசலுக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

1974 பற்றி அண்ணன் அதிகம் பேச மாட்டார். அண்ணிதான் சொன்னார். "குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி வந்தாங்க தம்பி. அடுப்புல உலை கொதிக்குது. பானையோட தூக்கி வாசல்ல வெச்சாங்க." மே 8-இல் நாடு முழுக்கத் தொடங்கிய அந்தப் போராட்டம் 20 நாள் நடந்தது. போனஸ், பஞ்சப்படி, ரயிலை ஓட்டும் தொழிலாளர்களுக்கு 8 மணி நேர வேலை என்று கோரிக்கைகள். எதையும் பெறாமலேதான் திரும்பப் பெற்றார்கள். தோல்வி என்று பத்திரிகைகள் எழுதியிருக்கலாம், எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. அண்ணன் அந்த மூன்று வருடமும் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியிருக்கிறார்.

போனஸ் கடைசியில் 1979-இல் அறிவிக்கப்பட்டது. இப்போது ஆயுதபூஜைக்கு முன்னால் 78 நாள் போனஸ் என்று செய்தி வரும்போது இளம் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். சந்தோஷப்படட்டும். அந்தப் பணம் எங்கிருந்து தொடங்கியது என்று நான் உட்காரவைத்துச் சொல்வேன், சிலர் கேட்பார்கள்.

முதல் போனஸ் கைக்கு வந்த அன்று அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு நேரே மளிகைக் கடைக்குப் போய், 74-ஆம் வருடத்துக் கடனில் மிச்சம் இருந்ததை எண்ணிக் கொடுத்தார்.