மார்கழியும் இடுப்பும்

டிசம்பர் 16, 2024
புள்ளி வைக்கக் குனிந்ததும் இடதுபக்கம் பிடித்துக்கொண்டது. எழுபதைத் தாண்டிய அத்தைதான் கோலத்தைப் போட்டு முடித்தார். எதிர்வீட்டம்மா வேடிக்கை பார்த்தார்.

டிசம்பர் 17
படுக்கை. வெந்நீர்ப் பை. படுக்கை.

டிசம்பர் 19
ஸ்கேன் படத்தை மறுபடியும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடுப்புப் பக்க முதுகெலும்பில் எல்4, எல்5 என்னும் இரண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கிறதாம். அந்த ஒரு வரிதான் நான் உட்காருவதை, எழுவதை, தும்முவதைக்கூட ஆள்கிறது. தும்மல் வந்தால் ஓடிப்போய்ச் சுவரில் கையூன்றிக்கொள்கிறேன். ஆனால் 2015-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களிலும் 60 சதவீதம் பேருக்கு இதே பிதுக்கம் இருந்தது என்கிறாள் பிசியோதெரபி பெண். அப்படியானால் எதிர்வீட்டம்மாவுக்கும் இருக்கும்! அற்ப சந்தோஷம். சரி, வட்டு இல்லையென்றால் எதுதான் வலிக்கிறது? பெரும்பாலானவர்களுக்கு இதுதான் என்று ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியாதாம். இதைக் கேட்கவா ஆட்டோ பிடித்துப் போனேன்?

டிசம்பர் 21
மதுரைத் தெப்பக்குளம். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல். மைய மண்டபத்தைப் பார்த்தபடி நடந்தால் தூரம் தெரியாது என்பார்கள். எனக்கு ஒவ்வோர் அடியும் தெரிந்தது.

டிசம்பர் 22
வலி. நடந்ததாலா, நடக்காமலே வந்திருக்குமா?

டிசம்பர் 25
இவர் பெல்ட் வாங்கி வந்துவிட்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெல்ட் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்றே இருக்கிறது என்றேன். விலையைச் சொன்னார். அத்தையின் கட்சி வேறு: படுத்தே கிடந்தால் எல்லாம் சரியாகிவிடும். படுக்கப் படுக்க இடுப்பு இறுகத்தான் செய்கிறது என்று வாதாடுவேன். ராத்திரி தைலத்தோடு அத்தையின் கை முதுகில் பட்டதும் நானும் அந்தக் கட்சிதான்.

ஜனவரி 3, 2025
பிசியோ பயிற்சி. கையும் முட்டியும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி அப்படியே நிற்க வேண்டும். தொடை நடுங்குகிறது. சின்னவன் வயிற்றுக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டான். சிரித்ததில்கூட வலித்தது.

ஜனவரி 10
கூடலழகர் கோயில், சொர்க்கவாசல். வரிசை நகர்ந்தால் வலி இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது. முன்னால் எதிர்வீட்டம்மா. அவரும் இடுப்பில் கைவைத்துக்கொண்டுதான் நின்றார்.

ஜனவரி 11
தும்மினேன். சுவரைத் தேடவில்லை.

ஜனவரி 12
தண்ணீர் கேன் வாசலிலேயே இருக்கிறது. 20 லிட்டர். இவர் வர எட்டாகும். முட்டியை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்கு என்பாள் அந்த பிசியோ பெண். அத்தை தூங்குகிறார். பாதியைக் குடத்தில் சரித்துவிட்டால் தூக்கிவிடலாம்.